அவரை அளக்கும் இரவு

சித்திரையில் அவரை போட்டவர்கள் ஆவணியில் புலம்புவார்கள். கொடி தழதழவென்று பந்தலை மூடி நிற்கும், அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, ஆனால் ஒரு பூ இருக்காது. சென்னைப் புறநகரில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் சில குடும்பங்கள் சேர்ந்து காய்கறி போடுகிறோம். ஆளுக்கு இரண்டு மேட்டுப்பாத்தி, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பந்தல். அதில் இப்படி ஒரு கொடி நின்றால் ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும். தேமோர்க் கரைசல் தெளிக்கச் சொல்வார் ஒருவர். நுனியைக் கிள்ளச் சொல்வார் இன்னொருவர். எருவை நிறுத்து, சாம்பல் தூவு, இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் வாடவிடு. எல்லாம் நடக்கும். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும்போது கணுவுக்குக் கணு பூங்கொத்து எழும்பும். கடைசியாக எந்த வைத்தியம் செய்தோமோ, பெயர் அதற்குப் போய்ச் சேரும்.

தழைச்சத்து மிகுந்தால் செடி இலையாகவே வளரும் என்பது உண்மைதான். ஆனால் நாட்டு அவரையும் மொச்சையும் இப்படி மாதக்கணக்கில் பூக்காமல் நிற்பதற்குக் காரணம் எருவோ தண்ணீரோ அல்ல. அவை இரவு நீள்வதற்காகக் காத்திருக்கின்றன. பட்டம் என்று நம் விவசாயிகள் சொல்வதன் பாதிப் பொருள் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆடிப்பட்டத்தை மழையோடு மட்டும் சேர்த்துப் பார்த்துப் பழகியதால், மாடியில் தண்ணீர்க் குழாய் இருக்கும் நகரத்துக்காரர்களுக்குப் பட்டம் தேவையில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. மழைக்கு மாற்றாகக் குழாயைத் திறக்கலாம். இரவுக்கு மாற்று ஏது?

இந்த விஷயத்தை முதலில் தெளிவாகப் பிடித்தவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த கார்னரும் அல்லார்டும். அவர்கள் முன்னால் இரண்டு புதிர்கள் இருந்தன. ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற புகையிலை வகை கோடையில் ஆள் உயரம் தாண்டி வளரும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். இன்னொன்று ‘பிலாக்சி’ என்ற சோயா. அதை வசந்தத்தில் தொடங்கி இடைவெளி விட்டு விட்டுப் பல தடவை விதைத்தார்கள். முன்னால் விதைத்ததும் பின்னால் விதைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், செப்டம்பரில், பூத்தன. வயதுக்கும் பூப்புக்கும் சம்பந்தமில்லை. வெப்பம், ஈரம், மண்ணின் சத்து என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார்கள். 1918 கோடையில் செடித் தொட்டிகளைப் பிற்பகலிலேயே ஓர் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறுநாள் காலை வெளியே எடுத்து வைத்தார்கள். கோடையின் நடுவிலேயே அவை பூத்தன. 1920இல் முடிவுகளை வெளியிட்டபோது, செடி நாளின் நீளத்தை அளக்கிறது என்ற செய்தி தாவர அறிவியலுக்குப் புதிதாக இருந்தது.

நாளின் நீளம் என்று அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம் 1938இல் வந்தது. ஹாம்னர், பானர் என்ற இருவர் நம் ஊர்த் தரிசுகளிலும் முளைக்கும் மருளூமத்தையை எடுத்துக்கொண்டார்கள். இதுவும் நாள் குறுகினால் பூக்கும் செடி. பகலின் நடுவே சற்று நேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள், செடி பொருட்படுத்தவில்லை. நீண்ட இரவின் நடுவே சற்று நேரம் விளக்கைப் போட்டார்கள், பூ நின்றுபோயிற்று. ஆக, செடி அளப்பது பகலை அல்ல, இடைமுறியாத இருட்டை. குறும்பகல் தாவரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது என்றாலும், நெடு இரவுத் தாவரம் என்பதே சரி.

அளக்கும் கருவி இலையில் இருக்கிறது. ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் அது. சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம் எடுக்கும், சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நள்ளிரவில் சிவப்பு ஒளியைக் காட்டிப் பூப்பைத் தடுக்கலாம், உடனே தொலைசிவப்பைக் காட்டி அந்தத் தடையை நீக்கலாம். 1950களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டு, 1959இல் அந்த நிறமி இருப்பதை நேரடியாகவே அளந்து காட்டினார்கள். ஆனால் ஃபைட்டோகுரோம் மட்டும் நேரத்தைச் சொல்லிவிடாது. செடியின் செல்களுக்குள் ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு சுற்று முடிக்கும் உள்கடிகாரம் ஓடுகிறது. மாலையில் அவரைப் பந்தலின் கீழ் நின்றால் அதன் முள்ளைக் கண்ணாலேயே பார்க்கலாம். பகலெல்லாம் கிடைமட்டமாக விரிந்திருந்த மூன்றிலைகளும் இருட்டும்போது காம்பின் அடியில் மடங்கித் தொங்கத் தொடங்கும். செடியை இருட்டறையில் வைத்தாலும் இந்த மடிப்பும் விரிப்பும் சில நாட்கள் தொடரும். உள்கடிகாரம் ஒளியை எதிர்பார்க்காத நேரத்தில் ஃபைட்டோகுரோம் ‘ஒளி வந்தது’ என்று சொன்னால், செடி அந்த இரவைக் குறுகிய இரவாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இருட்டு போதுமான நீளத்துக்கு வந்ததும் இலையில் ஒரு புரதம் உருவாகிக் காம்பு வழியாகத் தளிர்முனைக்குப் போகிறது. இலையிலிருந்து ஏதோ ஒன்று போய்த்தான் பூக்கச் சொல்கிறது என்று சைலாக்கியன் என்ற சோவியத் அறிவியலாளர் 1930களிலேயே சொல்லி, அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அந்தப் பொருளைக் கையில் பிடிக்க எழுபது ஆண்டுகள் ஆயின. 2007இல்தான் அது இன்ன புரதம் என்று உறுதியாயிற்று. இலையை இரவு தொடுகிறது, பூ நுனியில் வருகிறது. நுனியைக் கிள்ளும் வைத்தியத்தால் கிளைகள் கூடும், பூக்கும் தேதி மாறாது.

நம் பகுதியில் நாளின் நீளம் பெரிதாக மாறுவதில்லையே என்று கேட்கலாம். சென்னையில் ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், நாம் கவனிப்பதுகூட இல்லை. வெப்பமண்டலத்தில் பல தலைமுறையாக வாழ்ந்த அவரைக்கு அது போதும். ஆடியில் முளைத்த கொடிக்கு இரவு குறுகியிருக்கும் இரண்டு மாதங்கள் உடம்பைத் தேற்றக் கிடைக்கின்றன. புரட்டாசியில் பகலும் இரவும் சரிசமமாகி, அதன்பின் இரவு நீளும்போது பூக்கத் தெம்புள்ள பெரிய கொடியாக அது நிற்கிறது. அதையே தையில் விதைத்தால் இரவு ஏற்கெனவே நீளமாக இருப்பதால் முழங்கால் உயரத்தில் நாலு பூ விட்டு நோஞ்சானாகப் போகும், அல்லது பகல் நீளத் தொடங்கிவிட்டதென்று பூவை மறந்து அடுத்த ஐப்பசிவரை இலையாகவே ஓடும். சித்திரைக்காரரின் கொடி தண்ணீரும் எருவும் கூடுதலாகத் தின்று, ஆடிக்காரரின் கொடி பூக்கும் அதே வாரத்தில்தான் பூக்கும். பிலாக்சி சோயா செய்ததையே நம் பந்தலும் செய்கிறது.

பொங்கலன்று தஞ்சைப் பக்கத்து வீடுகளில் வைக்கும் ஏழுகறிக் கூட்டில் அவரையும் மொச்சையும் தவறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஐப்பசியில் பூத்தது மார்கழியிலும் தையிலும்தான் மணி பிடிக்கும். பெங்களூரில் ஆண்டுதோறும் அவரைக்காய் மேளா நடப்பதும் டிசம்பர், ஜனவரியை ஒட்டித்தான். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் சமூகத் தோட்டங்களில் பாத்தி எடுத்து நம் காய்களை வளர்க்கும் தமிழர்களுக்கு இதே அவரை வேறொரு சோதனை வைக்கிறது. அங்கே ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரம். ஊரிலிருந்து கொண்டுபோன விதை அந்தக் கோடையில் பிரமாதமாக ஓடும். பகல் 12 மணி நேரத்துக்கு இறங்குவது செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் உறைபனி வந்துவிடும். பூ வந்து பிஞ்சு இறங்குவதற்குள் கொடி கருகிவிடும். குளிர் தாங்காததால் காய்க்கவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். குளிர் வருவதற்கு முன்பே மூன்று மாத நல்ல வெயில் அதற்குக் கிடைத்திருக்கிறது, கிடைக்காதது நீண்ட இரவு.

நகரத் தோட்டங்களில் இரவுக்கு இன்னொரு எதிரி உண்டு. எங்கள் பந்தலின் தெற்கு மூலையை ஒட்டித் தெருவிளக்கு நிற்கிறது. ஐப்பசியில் வடபாதி முழுக்க ஊதாப்பூவாக இருக்கும்போது விளக்கை ஒட்டிய ஓரம் இலையாகவே நிற்கும். விளக்கின் வெளிச்சம் விழும் எல்லையைப் பந்தலின் மேல் பூக்களே கோடு போட்டுக் காட்டும். அமெரிக்கச் சோயா வயல்களில் சாலைவிளக்கு ஓரத்துச் செடிகள் மட்டும் முற்றாமல் பச்சையாக நிற்பது அங்குள்ள விவசாயிகளுக்குப் பழகிய காட்சி. இதைப் பயனாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் இரவில் போனால் சாமந்திப் பயிரின் மேல் வரிசை வரிசையாக விளக்கு எரிவதைப் பார்க்கலாம். சாமந்தியும் நெடு இரவுச் செடி. விளக்கால் அதைப் பூக்கவிடாமல் வளர்த்து, வேண்டிய உயரம் வந்ததும் அணைத்து, பூ வரும் காலத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பொதுத்தோட்டத்துக்கு இடம் தேடுபவர்கள் காலை வெயில் எப்படி விழுகிறது என்று பார்ப்பது வழக்கம். இரவில் ஒருமுறை வந்து விளக்கு எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். விளக்கடியில் தண்டுக்கீரையும் கத்தரியும் போடலாம். அவரைக்கு அந்த இடம் ஆகாது.

எல்லாக் காயும் இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. தக்காளி பார்ப்பது இரவின் சூட்டை. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் தக்காளிப் பூ நன்றாகக் காய் பிடிக்கும். இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் மலடாகிப்போகும், பூ காம்போடு உதிரும். சென்னையில் சித்திரை, வைகாசியில் பல நாள் இரவுகூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்த மாதங்களில் தக்காளிச் செடி சாகாது, பச்சையாகவே நிற்கும், பூவும் வைக்கும், காய்தான் வராது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் வாங்கிக் கொட்டுவது வீண். வடகிழக்குப் பருவமழையின் பெருமழை ஓய்ந்ததும் பூக்கும்படி நாற்றை நேரம் பார்த்து விட்டால், மார்கழி, தையின் தணிந்த இரவுகளில் அதே வகை, அதே மண்ணில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

கொடிக்காய்களின் கதை இதைவிடச் சுவையானது. புடலை, பாகல், பீர்க்கு, சுரை, பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி, இரண்டும் ஒரே கொடியில். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது. இதழுக்குக் கீழே, காம்பிருக்க வேண்டிய இடத்தில், அந்தந்தக் காயின் குட்டி வடிவம் இருக்கும். பாகலானால் முள் முள்ளாக, பீர்க்கானால் வரிப்பட்டையோடு. கொடி முதலில் ஆண் பூவாகவே விடும், பெண் பூ பிறகுதான் வரும். எத்தனை ஆணுக்கு எத்தனை பெண் என்பதைக் காலம் தீர்மானிக்கிறது. நீண்ட பகலும் மிகுந்த வெப்பமும் ஆண் பூவைக் கூட்டும், குறுகிய பகலும் தணிந்த இரவும் பெண் பூவைக் கூட்டும். செடிக்குள் சுரக்கும் எத்திலீன் என்ற வாயு பெண் பக்கம் இழுக்கிறது, ஜிப்பெரெல்லின் ஆண் பக்கம் இழுக்கிறது. வெள்ளரியில் இது மிகத் தெளிவாகத் தெரிய வந்திருக்கிறது. ஆடியில் போட்ட பாகலும் புடலையும் ஆவணி, புரட்டாசியில் கைகொள்ளாமல் காய்ப்பதற்கும், கத்திரி வெயிலில் பந்தல் முழுக்க மஞ்சள் பூவாக இருந்தும் பிஞ்சு தேட வேண்டியிருப்பதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

பெண் பூ வந்துவிட்டால் மட்டும் போதாது, மகரந்தம் வந்து சேர வேண்டும். இங்கேயும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். பூசணியும் பாகலும் விடியலில் விரியும், பூசணிப் பூ வெயில் ஏறியதும் வாடிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். புடலையின் வெள்ளைப் பூ இரவில்தான் தன் நூலிழைகளை முழுதாக அவிழ்க்கும், அதைத் தேடி வருபவை அந்துப்பூச்சிகள். அடுக்குமாடிகளுக்கு நடுவில் அவை குறைவு. பூச்சி வராத நாட்களில் நாமே செய்யலாம். பீர்க்குக்கு மாலை ஆறு மணி சரியான நேரம். அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடக்கினால் நடுவில் மஞ்சள் தூள் படிந்த மகரந்தப்பைகள் முன்னால் துருத்தி நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் பசைப்பிடிப்பான சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாக ஒற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்து விதைகள் மட்டுமே திரண்டு காய் கோணிப்போகும். வேலை பலித்ததா என்பது சில நாட்களில் தெரிந்துவிடும். கூடியது என்றால் பிஞ்சு நிமிர்வை விட்டுக் கீழே தொங்கி நீளும், இல்லையென்றால் நுனியிலிருந்து மஞ்சள் ஏறி விழும். குழந்தைகள் ஆர்வத்தோடு செய்யும் வேலை இது, தோட்டத்தில் வேறெதையும்விட இதைச் செய்யும்போது அவர்கள் கேட்கும் கேள்விகள் அதிகம்.

கோடையில் பாத்தி காலியாகவே கிடக்க வேண்டுமா என்றால், வேண்டாம். தண்டுக்கீரையும் சிறுகீரையும் கரியமிலவாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்தும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்பவை, மக்காச்சோளம் போல. மற்ற செடிகள் சூட்டில் தடுமாறும்போது இவை வேகமெடுக்கும், ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடலாம். வெண்டையும் கொத்தவரையும் வெயிலுக்கு அஞ்சாது. முள்ளங்கி, பீட்ரூட், முட்டைக்கோசு கார்த்திகை முதல் தை வரை மட்டும். அவற்றில் பீட்ரூட்டும் கோசும் பூப்பதற்கு நீண்ட குளிர் தேவை, அதனால் சமவெளியில் காய் எடுக்கலாம், விதை எடுக்க முடியாது.

இதுவரை சொன்னது ஒரு செடியின் கணக்கு. சேர்ந்து போடும் தோட்டத்தில் பட்டத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது, தனியாக மாடியில் வளர்ப்பவருக்கு அது கிடைக்காது. பூச்சிக்கு வேலி கிடையாது. கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் அந்து ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு ஒரே இரவில் போகும். ஒருவர் பழைய கத்தரியை வெட்டிவிட்டு மறுதாம்பு வளர்க்கிறார், அடுத்தவர் புது நாற்று விடுகிறார், மூன்றாமவர் ஒரு மாதம் தள்ளி விடுகிறார் என்றால் அந்தப் பூச்சிக்கு ஆண்டு முழுவதும் பந்தி. எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டு, ஒரே வாரத்தில் பிடுங்கி எரித்து, இடையில் சில வாரம் கத்தரியே இல்லாமல் விட்டால் சங்கிலி அறுகிறது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைச் சுமந்து திரியும் வெள்ளை ஈயும் அப்படித்தான். நோய் கண்ட முதல் செடியை அன்றே பிடுங்குபவரின் உழைப்பு, பக்கத்துப் பாத்தியில் நோயுற்ற செடியை ‘இன்னும் நாலு காய் வரட்டும்’ என்று விட்டு வைப்பவரால் வீணாகும்.

கொடிக்காய்களில் பழ ஈயைப் பார்ப்போம். பிஞ்சின் தோலுக்குள் ஊசி போல முட்டையைச் செலுத்திவிட்டுப் போகிறது. வெளியே ஒரு பிசின் துளி மட்டும் தெரியும். உள்ளே புழு தின்று வளர்ந்து, காய் அழுகி விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. கடையில் கிடைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈயை மட்டும்தான் ஈர்க்கும். ஒரு பாத்தியில் பொறி வைத்தால் பக்கத்தில் இணைசேர்ந்த பெண் ஈ இங்கே வந்து முட்டையிடுவதை அது தடுக்காது. தோட்டம் முழுவதும், முடிந்தால் பக்கத்து வீடுகளிலும் வைத்தால்தான் பொறிக்கு அர்த்தம். விழுந்த காயை மட்கு குழியில் போடுவது பெரிய தவறு, ஈயை நாமே வளர்ப்பதற்குச் சமம். பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, சில நாள் வெயிலில் கிடத்திய பிறகே குழிக்குப் போக வேண்டும். இதற்கு அறிவியல் கொஞ்சம் போதும், ஒற்றுமை நிறைய வேண்டும். விழுந்த காய் யாருடைய பாத்தியில் கிடந்தாலும் பார்த்தவர் எடுக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்திருக்கும் தோட்டம், விலையுயர்ந்த மருந்து தெளிக்கும் தோட்டத்தைவிட நன்றாகக் காய்க்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பட்டம் பார்க்காத அவரையும் இன்று கிடைக்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய், அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை வகைகள் குத்துச்செடியாக நின்று, இரவின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எப்போது விதைத்தாலும் காய்க்கும். டொரன்டோ அன்பர்களுக்கும் தெருவிளக்கடிப் பாத்திகளுக்கும் இவை ஏற்றவை. இவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் பந்தலில் நாட்டுக் கொடியும் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். பருவமழை இப்போது சொன்ன நாளில் வருவதில்லை, இரவுகளின் சூடு ஏறிக்கொண்டே போகிறது, தக்காளிக்கு ஏற்ற வாரங்கள் சுருங்குகின்றன. இவற்றுக்கு நடுவில் ஐப்பசியின் இரவு மட்டும் பழைய நீளத்திலேயே வருகிறது. அதைப் பார்த்துப் பூக்கும் கொடிக்கு நாள் தவறாது.

அந்தக் கொடிகளுக்குள்ளும் முந்தியும் பிந்தியும் பூப்பவை உண்டு. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, அதனால் எந்தக் கொடியில் விதை எடுத்தோமோ அதன் குணம் அப்படியே வரும். பாகல் அப்படியல்ல. ஒருவர் மிதிபாகலும் இன்னொருவர் நீளப் பாகலும் போட்ட தோட்டத்தில் விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் இரண்டும் கலந்துவிடும். விதைக்கு வேண்டிய பெண் பூவை விரிவதற்கு முந்தைய மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் கையால் மகரந்தம் வைத்து, மறுபடியும் கட்ட வேண்டும். அவரைக்கு அந்தத் தொல்லை இல்லை. பந்தலில் முதலில் பூத்த கொடியின் அடித்தண்டில் ஒரு துணிக்கிழியைக் கட்டித் தேதியை நோட்டில் எழுதுகிறோம். அந்தக் கொடியின் காயை யாரும் சமையலுக்குப் பறிப்பதில்லை. மாசியில் நெற்று காய்ந்து கிலுகிலுக்கும்போது உரித்து, சாம்பலில் புரட்டி, டப்பாவில் அடைத்து, ஆடி பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்தாறு விதையாகப் பங்கு போடுகிறோம்.